நாவலின் மாந்தரும் திரையின் முகங்களும்

நாவலில் ஒரு பாத்திரத்தின் நிறத்தையும் குலத்தையும் எழுத்தாளர் சொல்லாமலே விடலாம். பாதி சொல்லி மீதியை வாசகரிடம் ஒப்படைக்கலாம். ஒருவர் வாயால் ஒன்றும் இன்னொருவர் வாயால் வேறொன்றும் சொல்லவைக்கலாம். திரைப்படத்துக்கு இந்த வசதி கிடையாது. அங்கே பாத்திரம் என்றால் ஒரு நடிகரின் உடம்பு. அந்த உடம்புக்கு ஒரு நிறம் உண்டு, குரல் உண்டு, பேச்சுவழக்கு உண்டு, முந்தைய படங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பெயரும் உண்டு. அதனால் நடிகர் தேர்வு முடிந்த நாளிலேயே ஒரு நாவலின் சமூகப் பொருளில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. வசனமும் இசையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

ஆங்கில உலகில் இந்த விவாதம் பெரும்பாலும் இனத்தைச் சுற்றியே நடக்கிறது. எமிலி பிராண்டி 1847இல் வெளியிட்ட 'வதரிங் ஹைட்ஸ்' நாவலின் ஹீத்கிளிஃப், லிவர்பூல் தெருவில் கண்டெடுக்கப்பட்ட கறுத்த சிறுவன். ஜிப்சி என்கிறார் ஒருவர். கப்பலில் வந்த லாஸ்கர் மாலுமியின் பிள்ளையோ என்று ஊகிக்கிறார் இன்னொருவர். அவன் யார் என்பதை நாவல் கடைசிவரை சொல்வதில்லை. 1939இல் ஹாலிவுட் அவனுக்கு லாரன்ஸ் ஒலிவியரின் வெள்ளை முகத்தைக் கொடுத்தது. 2011இல் ஆண்ட்ரியா அர்னால்ட் சாலமன் கிளேவ், ஜேம்ஸ் ஹோசன் என்ற கறுப்பின நடிகர்கள் இருவரை அந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுத்தபோது, அதே கதை அடிமை வணிகத் துறைமுகத்தின் கதையாகவும் படிக்கக் கிடைத்தது. இரண்டு படங்களும் ஒரே நாவலிலிருந்து வந்தவை. 2019இல் வந்த 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' படத்தில் தேவ் பட்டேல் நாயகனானது வேறொரு வழி: அங்கே நடிகர்களின் இனம் கதைக்குள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இந்தியாவுக்கு வரும்போது இனம் இருந்த இடத்தில் சாதி வந்து உட்கார்கிறது. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவை ஜெயராஜ் 1997இல் 'களியாட்டம்' என்று மலையாளத்தில் எடுத்தபோது மூர் இனத் தளபதி தெய்யம் ஆடுபவராக மாறினார். விஷால் பரத்வாஜின் 'ஓம்காரா'வில் (2006) அவர் கலப்புச் சாதியில் பிறந்தவர். மாற்றம் பொருத்தமானதுதான். ஆனால் சாதியைத் திரையில் காட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இனத்தைப்போல அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே தெருவில் ஒரே நிறத்தில் இரண்டு சாதிக்காரர்கள் நிற்க முடியும். தெரியாததைத் தெரியவைக்க இந்தியத் திரையுலகம் கண்டுகொண்ட சுலபமான வழி, சாதிக்குப் பதிலாக நிறத்தை வைப்பது. நிறத்தை மேக்கப்பால் ஏற்றவோ இறக்கவோ முடியும் என்பதால் யாரையும் எந்தப் பாத்திரத்துக்கும் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதோடு கிடைத்துவிட்டது. அந்த உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பதற்குத் தென்திருவிதாங்கூரைவிட, அதாவது இன்றைய குமரி மாவட்டத்தைவிட, நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்தப் பகுதியில் உடம்பு எப்படித் தோன்ற வேண்டும் என்பது அரசாங்கமே தலையிட்ட விவகாரம். 1822 தொடங்கி 1859வரை நடந்த தோள்சீலைப் போராட்டம், சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதைப் பற்றியது. 1859 ஜூலை 26ஆம் தேதி வெளியான அரச அறிவிப்பு மேலாடைக்கு அனுமதி தந்தது. உயர்சாதிப் பெண்களைப்போல அணியக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே தந்தது. அதாவது, போர்த்திக்கொள்வதில் தடையில்லை, இன்னொரு சாதியாகத் தெரிவதில்தான் தடை. சினிமா இந்த மண்ணுக்கு வந்தபோது, பார்வையாளர்களின் கண் இந்தப் பழக்கத்தில் ஊறியிருந்தது.

அகஸ்தீஸ்வரத்தோடு தொடர்புள்ள நாடார் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் திருவனந்தபுரத்தில் எடுத்த மௌனப்படம் 'விகதகுமாரன்'. வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகப் பதிவாகியிருக்கிறது. அது நாவலின் தழுவல் அல்ல, கதையும் டேனியலுடையது. இருந்தாலும் தென்னாட்டில் நடிகர் தேர்வின் வரலாற்றை அந்தப் படத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம். கதாநாயகியாக நடிக்க டேனியல் முதலில் பம்பாயிலிருந்து லானா என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணை வரவழைத்தார். அக்காலத்தில் அதுவே வழக்கம். குடும்பப் பெண்கள் கேமரா முன் வரத் தயங்கிய நாட்களில், இந்து நாயகிகளின் வேடத்தை ஆங்கிலோ இந்திய, யூதப் பெண்கள் ஏற்றார்கள். புத்தரின் மனைவியாக 'லைட் ஆஃப் ஏஷியா'வில் (1925) நடித்த சீதாதேவியின் இயற்பெயர் ரெனி ஸ்மித். சுலோசனா என்ற பெயரில் புகழ்பெற்றவர் ரூபி மையர்ஸ். இவர்கள் யாரையும் எந்த ஊரிலும் யாரும் கல்லால் அடிக்கவில்லை.

லானா திரும்பிப் போனதும் அந்த இடத்துக்குப் பி.கே. ரோசி வந்தார். புலையர் சமூகத்தில் பிறந்தவர். காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் நடித்துப் பழகியவர். படத்தில் அவர் ஏற்ற பாத்திரம் சரோஜினி என்ற நாயர் பெண். கேபிட்டல் தியேட்டரில் முதல் காட்சியைத் தொடங்கிவைக்க அழைக்கப்பட்ட வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்த பிள்ளை, ரோசி இருக்கும் அரங்குக்கு வர மறுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. நாயகன் ரோசியின் கூந்தல் பூவை முத்தமிடும் காட்சி வந்ததும் கூட்டம் திரையைக் கல்லெறிந்து கிழித்தது. வீடும் தாக்கப்பட்டு, ரோசி ஒரு லாரியில் ஏறி நாகர்கோவிலுக்குத் தப்பினார். லாரி ஓட்டிய கேசவ பிள்ளையை மணந்து ராஜம்மாள் என்ற பெயரில் அங்கேயே வாழ்ந்தார். படப்பிரதி இன்று இல்லை. திரையில் நாயர் பெண்ணாக இருக்க விடப்படாதவர், வாழ்க்கையில் ஒரு நாயர் வீட்டுப் பெண்ணாகவே மிச்ச நாட்களைக் கழித்தார் என்பது எந்த நாவலாசிரியரும் எழுதத் தயங்கும் திருப்பம்.

இதை அடுத்து வந்தது 'மார்த்தாண்ட வர்மா' (1933). சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாவலின் தழுவல். மலையாளத்தில் ஒரு இலக்கியப் படைப்பு படமானது இதுவே முதல்முறை. தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ், டேனியலின் உறவினர். இயக்கியவர் பி.வி. ராவ். நாவலின் களம் பெரும்பாலும் குமரி மண்தான்: பத்மநாபபுரம், சாரோடு, பஞ்சவன்காடு. அதன் முக்கிய மாந்தர்களில் ஒருவனான அனந்தபத்மநாபன் நாயர் குலத்தவன். எதிரிகளின் கண்ணிலிருந்து தப்பப் பைத்தியக்காரச் சாணானாகவும் முஸ்லிமாகவும் வேடமிட்டுத் திரிகிறான். இளவரசர் மார்த்தாண்ட வர்மாவைக் காக்கும் சண்டையில் சாணார்களும் இறங்குகிறார்கள். சாதி என்பது அணிந்து கழற்றக்கூடிய உடுப்பு என்று ஒரு சரித்திர நாவல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காட்டியிருக்கிறது. ஆனால் அந்த உடுப்பை மேலிருப்பவன் கீழே இறங்கித்தான் அணியலாம். கீழிருந்து மேலே ஏறி அணிந்தவருக்கு நேர்ந்ததை அதே கேபிட்டல் தியேட்டர் சில ஆண்டுகளுக்கு முன்பு பார்த்திருந்தது. சுந்தர்ராஜின் படத்தில் அனந்தபத்மநாபனாக ஏ.வி.பி. மேனோனும் மார்த்தாண்ட வர்மாவாக ஜெயதேவும் நடித்தார்கள். ஒரு நாடார் தயாரிப்பாளரின் பணத்தில், ஒரு நாயர் பாத்திரம் சாணான் வேடம் போட்டது. இதற்குக் கல்லெறி இல்லை. படத்தை முடக்கியது வேறு விவகாரம்: நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புக் டெப்போ வழக்குத் தொடுத்து, சில நாட்களிலேயே பிரதியைக் கைப்பற்றியது. அந்தப் பறிமுதலே பின்னாளில் படத்தைக் காப்பாற்றியது. புத்தகக் கடையில் கிடந்த பிரதியை 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பெற்றுக்கொண்டது.

அதே பத்தாண்டில் தமிழில் நாவல்கள் வரிசையாகப் படமாயின. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935இல் வந்தது. பிராமணக் குடும்பங்களைச் சுற்றிய கதை, நடித்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவினர். நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான என்.எஸ். கிருஷ்ணனும் அதில் இருந்தார். பாய்ஸ் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று எந்த வேடத்தையும் போட்டு வளர்ந்த பிள்ளைகள் ஐயராகவும் ஐயங்காராகவும் வருவதை யாரும் வினோதமாக எண்ணவில்லை. 1938இல் கே. சுப்ரமணியம் பிரேம்சந்தின் நாவலை 'சேவாசதன'மாக எடுத்தார். பிராமண வீட்டு மனைவியாகத் தொடங்கித் தாசித் தெருவுக்குத் தள்ளப்படும் சுமதியாக நடித்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. தேவதாசி மரபில் வந்தவர் பிராமண மனைவியாக நடித்தது அன்றைக்குத் துணிச்சலான தேர்வு. ஆனாலும் கதையின் போக்கு அந்தப் பெண்ணை அவருடைய பிறப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே கொண்டுபோய்ச் சேர்த்ததால் பார்வையாளரின் மனம் அதிகம் உறுத்தப்படவில்லை என்று கொள்ள இடமிருக்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்து, கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) சதிர் மரபில் வந்த நாட்டியக்காரியாகத் திருவாங்கூர் சகோதரிகளில் ஒருவரான பத்மினி நடித்தார். அவருடைய நடிப்பு இன்றும் கொண்டாடப்படுகிறது, கொண்டாடத் தக்கதும்கூட. ஆனால் எதிர்த்திசையில், கீழிருந்து மேலாக, அதே தூரத்தைக் கடக்க முயன்ற ரோசிக்கு அந்த மேடை ஒரு காட்சிக்குக்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

முப்பதுகளின் படங்களில் வர்க்கமும் இப்படித்தான் கையாளப்பட்டது. எஸ்.எஸ். வாசனின் தொடர்கதையிலிருந்து எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் (1936) நாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். பிறகு புதையல் கிடைத்துப் பணக்காரனாகிறான். தமிழ்த் திரையில் தோட்டத் தொழிலாளியாக முதலில் தெரிந்தவர்களில் இவனும் ஒருவன். அவன் பிறப்பால் செல்வந்தன், கூலி வாழ்க்கை அவனுக்கு வந்த தற்காலிகத் தண்டனை. உண்மையான தோட்டத் தொழிலாளி ஒரு நாவல் தழுவலின் மையத்துக்கு வர 77 ஆண்டுகள் ஆயின.

அந்தப் படம் பாலாவின் 'பரதேசி' (2013). ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. பஞ்சகாலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பேச்சை நம்பி மலையேறிய கருப்பனும் வள்ளியும் அதன் மையம். படத்துக்கு வசனம் எழுதியவர் நாஞ்சில் நாடன். நடிகர்களை வைத்துப் பார்த்தால் மூன்று வட்டங்கள் தெரிகின்றன. நடுவில் அதர்வாவும் வேதிகாவும். வேதிகா தமிழகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர், வெளிர்நிறத்தவர். அந்த நிறத்தை மறைக்க அடர்ந்த டல் மேக்கப் தேவைப்பட்டது. அடுத்த வட்டத்தில் தன்ஷிகாவும் பிற துணை நடிகர்களும். கடைசி வட்டத்தில், தலையில் மூட்டையோடு மலையேறும் கூட்டத்தில், மேக்கப் தேவையே இல்லாத கிராமத்து மனிதர்கள். கந்தல் உடைகளைத் திருத்தமாக உருவாக்கிய பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. துணியில் இருந்த நுணுக்கம் முகத்தில் இல்லை.

இந்த வட்ட அமைப்பு ஒரு படத்தின் தனித்தன்மை அல்ல. தமிழ்த் தழுவல்களின் பொது விதி என்றே கொள்ளலாம். பாத்திரம் கதையின் மையத்தை நெருங்க நெருங்க, அதை ஏற்கும் நடிகர் அந்த வாழ்க்கையிலிருந்து விலகிப்போகிறார். ஓரத்துக்குப் போகப் போக உண்மை மனிதர்கள் வருகிறார்கள். காரணம் வன்மம் அல்ல, வணிகம். ஏரியா விற்பனையும் தொலைக்காட்சி உரிமையும் நாயக நாயகியின் பெயரில் நடக்கின்றன. கால்ஷீட்டுக்கும் முன்பணத்துக்கும் மதிப்புள்ள முகம் மையத்துக்குப் போகிறது. நாட்கூலிக்கு வருபவர்கள் பின்னணிக்குப் போகிறார்கள். படப்பிடிப்புத் தளத்தின் வர்க்க ஏற்பாடு கதைக்குள்ளும் அப்படியே படிந்துவிடுகிறது. நாவலில் இதற்கு நேர்மாறு. கருப்பனைப் பற்றி எழுதும்போது கருப்பனே மையம், அவனைப்போன்ற இன்னொருவனைக் கூட்டத்தில் நிறுத்திக் காட்ட வேண்டியதில்லை.

பரதேசியில் இன்னொரு மாற்றமும் நடந்தது. நாவலில் தொழிலாளர் மேல் பரிவுள்ள மருத்துவர் ஒருவர் வருகிறார். படத்தில் அந்த இடத்தை மதமாற்றத்தில் குறியாக உள்ள ஒரு மருத்துவர் பிடித்துக்கொண்டு, கேலிச் சித்திரம்போல ஆடிப்பாடுகிறார். நாவலாசிரியரே தோட்டத்தில் வேலைபார்த்த கிறிஸ்தவ மருத்துவர் என்பதை அறிந்தவர்களுக்கு இது கசப்பாக இருந்தது. பாத்திரத்தின் வர்க்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் ஒழுக்கத்தை மட்டும் நடிகரின் உடல்மொழியால் தலைகீழாக்க முடியும் என்பதற்கு இது உதாரணம்.

பாலாவின் முந்தைய தழுவலான 'நான் கடவுள்' (2009) நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) நாவலிலிருந்து பிறந்த படம், வசனமும் அவருடையதே. உடல் ஊனமுற்றவர்களை வைத்துப் பிச்சைத் தொழில் நடத்தும் போத்திவேலு பண்டாரம் நாவலின் நடுநாயகம். அவர் கோயிலைச் சார்ந்து வாழும் நடுத்தரக் குடும்பஸ்தர். முருகபக்தர். மகள்களின் கல்யாணச் செலவை நினைத்துத் தூக்கம் கெடுபவர். வீட்டுக்குள் பாசமான அப்பா. தான் செய்வது அநியாயம் என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை, வாசகரை நடுங்கவைப்பது அதுதான். படத்தில் அவர் தாண்டவனாகிறார். அந்த வேடத்துக்குப் பாலா தேர்ந்தெடுத்தது சண்டைக் கலைஞராக இருந்த ராஜேந்திரனை. மொட்டைத் தலை, கரகரத்த குரல், முரட்டு உடம்பு. தேர்வு அபாரமானது, அந்த ஒரே படத்தில் ராஜேந்திரனின் வாழ்க்கை மாறியது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை அந்தக் குடும்பஸ்தர். தாண்டவனைப் பார்த்ததும் வில்லன் என்று தெரிந்துவிடுகிறது. பண்டாரத்தை நாகர்கோவில் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நாவல் கொடுமையை ஒரு சாதாரண வர்க்கத்தின் அன்றாடத்துக்குள் வைத்திருந்தது. நடிகர் தேர்வு அதைச் சமூகத்துக்கு வெளியே, ஒரு தனி மனிதனின் உடம்புக்குள் கொண்டுபோய் அடைத்தது.

அதே படத்தில் பிச்சைக்காரர்களாக வந்தவர்கள் பெரும்பாலும் உண்மையிலேயே உடல் ஊனமுற்றவர்கள். தமிழ் சினிமா அதுவரை அவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததில்லை. அவர்களுக்கு நடுவே பார்வையற்ற பாடகியாக வந்த பூஜா பார்வையுள்ள நடிகை. இங்கேயும் அதே வட்டங்கள்தான். தேசிய விருதுப் பட்டியலில் சிறந்த இயக்கமும் சிறந்த ஒப்பனையும் இந்தப் படத்துக்கே வந்தன.

நாஞ்சில் நாட்டு நாவல்களில் சாதியைவிட அதற்குள்ளிருக்கும் வர்க்கம்தான் பல சமயம் கதையாகிறது. நாஞ்சில் நாடனின் முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' (1977). படித்து வேலையில்லாமல் இருக்கும் ஏழை வெள்ளாள இளைஞன் சிவதாணு, தன் சாதியிலேயே பணக்கார வீட்டில் பெண்ணெடுத்து, மாமனார் வீட்டில் மானம் இழக்கிறான். இருவரும் ஒரே சாதி, உண்பது ஒரே சமையல். இடையில் இருப்பது நிலமும் பணமும் மட்டும். தங்கர் பச்சான் இதை 'சொல்ல மறந்த கதை' (2002) என்று எடுத்து, இயக்குநர் சேரனை முதன்முதலாகக் கதாநாயகனாக்கினார். நட்சத்திர ஒளி இல்லாத, சோர்ந்த, எளிதில் காயப்படும் முகம். வேலையில்லாப் பட்டதாரிக்கு அதைவிடப் பொருத்தமான முகத்தை அன்றைக்குத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. விட்டுப்போனது ஊர். பண்ருட்டிப் பக்கத்துக்காரரான இயக்குநரும் மதுரைப் பக்கத்து நடிகரும் சேர்ந்தபோது நாஞ்சில் பேச்சு படத்தில் இல்லாமல் போனது. சிவதாணு எந்தச் சாதியிலும் எந்த மாவட்டத்திலும் இருக்கக்கூடிய ஏழை மருமகனாகிவிட்டான். கதை அதனால் பரவலானது என்று வாதிக்கலாம். ஆனால் ஒரே சாதிக்குள் தராசு எப்படிச் சாய்கிறது என்பதை வெளியாரின் பார்வையில் படாத நுணுக்கங்களோடு சொன்ன நாவலின் பலம், அந்தப் பேச்சோடு பின்னிக்கிடந்தது. இரணியலைக் களமாகக் கொண்ட நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) வ. கௌதமன் கையில் 'மகிழ்ச்சி'யாக (2010) வந்தபோது இயக்குநரே நாயகனாக நடித்தார். அந்தப் படம் குறைவாகவே பேசப்பட்டது.

நட்சத்திரம் மையத்துக்கு வரும்போது நாவலின் அச்சே நகர்ந்துவிடும் என்பதற்கு 'அசுரன்' (2019) தெளிவான சான்று. பூமணியின் 'வெக்கை' (1982) கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் கண்வழியே நகரும் நாவல். வெற்றிமாறன் படத்தில் பையனாகக் கென் கருணாஸ் இருக்கிறார். ஆனால் தந்தை சிவசாமியாகத் தனுஷ் இருப்பதால் கதை தந்தையைச் சுற்றிச் சுழல்கிறது, நாவலில் இல்லாத முன்கதை ஒன்று அவருக்காகவே எழுந்து நிற்கிறது. இதை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பஞ்சமி நிலமும் காலில் செருப்பும் தமிழ் வணிக சினிமாவின் பேச்சுக்குள் வந்தது அந்த முன்கதையால்தான். தாய் பச்சையம்மாளாக நடித்த மஞ்சு வாரியர் பிறந்தது நாகர்கோவிலில். மலையாளத்தின் முன்னணி நடிகையான அவர் கரிசல் காட்டுப் பெண்ணாக வந்தது, பேச்சுவழக்கைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதைக் காட்டியது. மனமிருந்தால் நடிப்பு தூரத்தைக் கடக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. யாருக்கு அந்த வாய்ப்பு திரும்பத் திரும்பக் கிடைக்கிறது என்பதே கேள்வி.

ரோசியின் கதையே ஒருநாள் தழுவலானது. வினு ஆபிரகாமின் 'நஷ்ட நாயிகா' (2008) நாவலையும் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் எழுதிய டேனியலின் வாழ்க்கை வரலாற்றையும் வைத்து மலையாள இயக்குநர் கமல் 'செல்லுலாய்ட்' (2013) எடுத்தார். டேனியலாகப் பிருத்விராஜ், ரோசியாகப் புதுமுகம் சாந்தினி. நாவலின் தலைப்பிலேயே நாயகி ரோசி. படத்தில் நாயகன் டேனியல், ரோசி முதல் பாதியோடு மறைகிறார். மேடையில் கூத்தாடிப் பிழைத்த பெண்ணை அச்சமும் அடக்கமும் கொண்டவளாகக் காட்டியதைத் தலித் விமர்சகர்கள் எடுத்துச் சொன்னார்கள். நடிகர் தேர்வால் வீழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றிய படத்திலும் நட்சத்திரத்தின் எடை அவரை ஓரத்துக்கே தள்ளியது. பின்னாளில் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பு பி.கே. ரோசி பெயரில் சென்னையில் திரைப்பட விழா நடத்தத் தொடங்கியது.

படமாகாத நாவல்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாகர்கோவிலுக்கு வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள கீரிப்பாறையில், 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. விடியுமுன்னே மரத்தில் கத்தி வைக்கும் பால்வெட்டுத் தொழிலாளிகள், அவர்களின் குடியிருப்புகள், மேலே காளிகேசம், அதற்கும் மேலே காட்டுக்குள் காணிக்காரப் பழங்குடியினரின் குடிகள். இந்த நிலப்பரப்பை இலக்கியமாக்கிய இரண்டு நாவல்கள் ஜெயமோகனுடையவை: 'ரப்பர்' (1990), 'காடு' (2003). முதலாவது காட்டை அழித்து ரப்பர் நட்டு மேலேறிய ஒரு பெருவட்டர் குடும்பத்தின் எழுச்சியும் சரிவும். ஒரே குடும்பம், ஒரே சாதி. தலைமுறை மாற மாற வர்க்கம் மட்டும் மாறுகிறது. நிறத்தை வைத்துச் சாதியையும் வர்க்கத்தையும் குறிக்கும் பழக்கம் இங்கே உதவாது. காடு வெட்டியவருக்கும் பங்களாவில் வாழும் அவர் பேரனுக்கும் ஒரே சாயல் இருக்க வேண்டும். வேறுபாடு நடையிலும் உச்சரிப்பிலும் உட்காரும் விதத்திலும் தெரிய வேண்டும். மேக்கப் பெட்டியால் ஆகாத வேலை அது.

'காடு' இன்னும் கடினம். ஒப்பந்த வேலைக்காக மலைக்கு வரும் கிரிதரன், நீலி என்ற மலைப்பெண்ணைக் காதலிக்கிறான். அவன் அவளைச் சங்கக் கவிதைகளின் வழியாகவே பார்க்கிறான். அவளுடைய காய்ச்சலும் சாவும் அந்தக் கவிதைக்குள் அடங்குவதில்லை. 'ஜெய்பீம்' (2021) படத்தில் இருளர் பெண்ணாகக் கேரளத்தின் லிஜோமோல் ஜோஸ் நடித்தது பாராட்டையும், அந்தச் சமூகத்தில் நடிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லையா என்ற கேள்வியையும் சேர்த்தே கொண்டுவந்தது. நீலிக்கும் அதே கேள்வி எழும், கூடுதலாக மொழியும் சேரும். காணிக்காரர்கள் தமக்குள் பேசுவது மலம்பாஷை. தெரிந்த முகம் ஒன்று டல் மேக்கப்போடு நாகர்கோவில் தமிழ் பேசினால், படம் கிரிதரனின் கண்ணை விட்டு வெளியே வராது. கவிதையில் அவன் கண்ட பெண்ணைத்தான் பார்வையாளரும் காண்பார். ஒரு காணிப் பெண் தன் பேச்சிலேயே பேசினால் அந்நியனாவது கிரிதரன்தான். அவள் சொல்வதைப் புரிந்துகொள்ள நாகர்கோவில் தியேட்டரிலேயே கீழே எழுத்து ஓட வேண்டியிருக்கும்.